முதல் பக்கத்துக்கு முன்னால் பன்னிரண்டு பக்கங்கள்

எங்கள் தீவின் தலைநகர் சுவாவில் அன்று பெய்த மழையை உள்ளபடி சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் குறைத்தே சொல்கிறேன். சந்தை முனையில் என் டாக்சியின் பின்சீட்டில் ஒரு நண்டு ஏறியது. தபால் நிலையத்தில் இறங்கிக்கொண்டது. வாடகை தரவில்லை.

அந்த மழையில் ரொட்டிக்கடை மாடிக்கு ஏறி வந்தார் மைக்கா. தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த புத்தகம் மட்டும் நனையவில்லை. சிவப்புத் துணி அட்டை, பொன்னெழுத்து. அவர் மகள் சேரெய்மா எழுதிய ஆய்வேடு.

அந்த மகளைத்தான் வெள்ளிக்கிழமை கடற்சுவருக்குக் கீழே பாறைகளின்மேல் கண்டெடுத்தார்கள். மண்டை பிளந்திருந்தது.

"சார்ஜென்ட், இதுல ஒரு பக்கம் இல்ல" என்றார் மைக்கா.

சார்ஜென்ட் என்றது என்னை அல்ல. நான் அப்பல்சாமி. போலீஸ் வேலையை உதறிவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டிருக்கும் உனைசிக்கு வண்டி ஓட்டுகிறேன், தேநீர் போடுகிறேன். வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லும் சமயங்களில் வாயைத் திறப்பதும் என் வேலைதான்.

உனைசி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கண்ணா. முழுக்கப் படிச்சீங்களா?"

"புரிஞ்சு படிக்கல. எழுத்து எழுத்தா படிச்சேன். போலீஸ்காரங்க அவ பையோட சேர்த்து இதையும் குடுத்தாங்க. அவ எழுதினதாச்சே, ஒரு வரி விடலாமா? பத்தாம் பக்கம் முடிஞ்சு திருப்பறேன், பன்னெண்டு வருது."

"ஒட்டிக்கிட்டு இருக்குமோ என்னமோ" என்றேன்.

உனைசி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தையலோரமாக நகத்தை ஓட்டிப் பார்த்தார். "கிழிச்ச தடமே இல்ல. பைண்டு பண்றதுக்கு முன்னாடியே போயிருக்கு."

பத்தாம் பக்கம் நைலோதோ கிராமத்து மழை அளவில் முடிந்தது. பன்னிரண்டாம் பக்கம் அதே கிராமத்தின் அடுத்த மாத மழையில் தொடங்கியது. நடுவில் இருந்ததும் மழையாகத்தான் இருக்க வேண்டும்.

"மழைக்காக யாராவது கொலை பண்ணுவாங்களா?" என்றார் உனைசி.

"சுவாவுல யாரு வேணா பண்ணுவாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மைக்கா எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நைலோதோ அவருடைய ஊர். பெரும்புயல் வந்தபோது ஊரே பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியது. புயலைத் தாங்கும் என்று சான்று வாங்கிய கூரை. அதைக் காற்று மூடியைத் திறப்பதுபோலத் திறந்துவிட்டு, சுவரைத் தள்ளியது. ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி மைக்காவின் மனைவி. அந்தக் கூரை ஏன் பறந்தது என்பதுதான் மகளின் ஆய்வு.

"எபெலிதான் கொன்னான்னு நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்தறாங்க" என்றார் மைக்கா. "அந்தப் பையன் இல்ல சார்ஜென்ட். இதைப் பைண்டு பண்ணினவன் அவன். அவங்கம்மா பேரை முன்னால போட நல்ல எழுத்தா தேடிக் குடுத்தானாம், மக எங்கிட்ட போன்ல சொன்னா. தப்பான ஆளை உள்ள போட்டா என்ன ஆகும்? சரியான ஆள் என் மக அடக்கத்துக்கு வந்து நின்னு பாட்டுப் பாடுவான்."

உனைசி எழுந்தார். "புத்தகத்தை ஒரு நாள் குடுங்க. கசங்கினாலும் கசங்கும்."

மைக்கா கொடுத்தார். கை மட்டும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

*

எபெலியின் கடை கல்லூரி வாசலுக்கு எதிரே. தட்டச்சு, பைண்டிங், பக்க எண் சரிசெய்தல் என்று பலகை தொங்கும். இப்போது அவன் இருந்த இடத்தில் பலகை இல்லை, கம்பி இருந்தது. நகக்கண்ணெல்லாம் பசை. வெளியே ஸ்டூலில் கான்ஸ்டபிள் வில்லி மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு காவல் காத்தான்.

"அவளைப் பார்த்து என்னடா கத்தினே?" என்றார் உனைசி.

எபெலி தலையைக் குனிந்துகொண்டான். "'நீ செத்தாத்தான்டி இந்தப் பக்க எண் அடங்கும்'னு சொன்னேன்கா. கடையில நாலு பேரு இருந்தாங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான்கா சொல்வேன். போன வாரம் ஒரு பாதிரியார்கிட்டகூடச் சொன்னேன்."

"பாதிரியார் உயிரோட இருக்காரா?" என்றேன்.

"இருக்கார் மாமா."

"அப்ப நமக்கு ஒரு சாட்சி இருக்கு."

"சும்மா இருங்க மாமா" என்றார் உனைசி. "எண்ணுல அப்படி என்ன தகராறு?"

தொழில் பேச்சு வந்ததும் எபெலியின் குரலுக்கு உயிர் வந்தது. "முன்னுரையிலதான்கா ஒண்ணுன்னு ஆரம்பிக்கணும். காலேஜ் சட்டம். அதுக்கு முன்னாடி வர்ற அட்டைத்தாள், அம்மா பேரு, நன்றி, பொருளடக்கம் எல்லாத்துக்கும் ரோமன் எண். ரெண்டும் ஒரே கோப்புல இருக்கணும்னா முன்னுரைக்கு மேல வெட்டணும். வெட்டினா மட்டும் போதாது. முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் இருக்கிற தொடர்பை அறுக்கணும். அவ வெட்டினா, அறுக்காம விட்டுட்டா. இங்க தொட்டா அங்க கெட்டுப்போச்சு."

வெட்டணும், அறுக்கணும் என்றதும் வில்லி கிழங்கை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

"எழுதாதே வில்லி" என்றார் உனைசி திரும்பாமலே.

"வியாழக்கிழமை சாயங்காலம் நானே அறுத்துக் குடுத்தேன். ஒண்ணு ஒண்ணாவே நின்னுது. சந்தோஷம் தாங்கல அவளுக்கு. பையைக் கடையிலயே போட்டுட்டு, வாசல் கூரைக்கடியில நின்னு யாருக்கோ போன் போட்டா."

"என்ன பேசினா?"

"மழையில ஒண்ணும் கேக்கல. என் கடைக்கு வர்றதுக எல்லாம் போனைத் தூக்கினா ஒரே பாட்டுத்தான்கா. 'நாற்பதைப் பாருங்க சார், நூத்திரண்டைப் பாருங்க சார்'னு. அவ சிரிச்ச முகமா பேசினா. அப்புறம் எட்டிப் பார்த்து, 'பையை வச்சிரு, அரை மணியில வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனா." அவன் நகக்கண் பசையைச் சுரண்டினான். "அவ லேப்டாப் அவ கையோட போச்சு. கோப்பு என் கடைக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துது."

"அதை நீ அப்படியே அச்சடிச்சே?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். அவ செத்தது அப்ப எனக்குத் தெரியாது. காலையில கடை நெறைய ஆளு. எந்தக் கம்ப்யூட்டர்ல யார் உட்கார்ந்தான்னு எனக்கே தெரியாது. நடுவுல நான் ரொட்டிப் பொட்டலம் வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்து மூணு பிரதி போட்டேன். நான் படிக்கிறதில்லக்கா, ஒட்டறதோட சரி."

"அச்சுக்குன்னு வச்சிருந்த கோப்புலேர்ந்து ஒரு பக்கத்தை எடுக்கறது கஷ்டமா?"

"திரையில ஒரு பெட்டி வரும். எத்தனாவது பக்கம்னு கேக்கும். எண்ணை அடிச்சா போயிடும். பக்கத்தைப் பார்க்கக்கூட வேண்டாம்."

உனைசியின் விரல்கள் கம்பியைப் பற்றின. "எந்த எண்ணு? நீ பக்கத்துக்கு அடியில போட்ட எண்ணா?"

"இல்லக்கா. அந்தப் பெட்டிக்கு நம்ம எண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்கு அட்டையிலேர்ந்து எண்ணிக்கிட்டு வரும்."

"முன்னாடி ரோமன் எண் போட்டது எத்தனை பக்கம்?"

"பன்னெண்டு."

உனைசி நிமிர்ந்தார். "வில்லி, மத்தியானச் சாப்பாட்டுக்கு டவுனுக்குப் போகணுமா? வா, மாமா வண்டியில எடம் இருக்கு."

*

வண்டி புறப்பட்டதும், "பதினொண்ணும் பன்னெண்டும் எவ்வளவு மாமா?" என்றார் உனைசி.

"இருபத்திமூணு. மீட்டர்ல சூடு வச்சா முப்பது."

"மழைப் பக்கத்தை யாரும் திருடல. ஒருத்தன் 'இருபத்திமூணு'ங்கற எண்ணைக் காதால கேட்டிருக்கான். பெட்டியில இருபத்திமூணுன்னு அடிச்சான். பெட்டி அட்டையிலேர்ந்து எண்ணி, பதினொண்ணாம் எண் போட்ட பக்கத்தைத் தூக்கிப் போட்டுடுச்சு. எபெலி ரொட்டியோட வந்துருவான்னு பயத்துல சரிபார்க்காம எழுந்து போயிட்டான்."

"அப்படின்னா அவனுக்கு வேண்டிய பக்கம்..."

"இதோ இருக்கு." மடியிலிருந்த புத்தகத்தை விரித்து என் பக்கம் திருப்பினார். நான் வண்டியை நிறுத்தினேன். எங்கே நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள், பின்னால் இருந்த பஸ்காரன் கேட்டுவிட்டான்.

இருபத்திமூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு புகைப்படம். இடிந்த பள்ளிக்கூடத்தின் உத்தரமும், அதன்மேல் ஆணியடித்து மூடிய ஒரு மரப்பெட்டியும். கூரையைக் காற்று தூக்காமல் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் வரும் பெட்டி அது. திறக்கவே இல்லை. பட்டை ஒன்றுகூட அடிக்கப்படாமல் கூரை எழும்பியிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில், 'ஆய்வு முடிந்தது, தேறியது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதற்கடியில் கையெழுத்து.

"படிக்க முடியுதா?"

"எனக்கு ரெண்டு எறும்பு மாதிரி தெரியுது."

"எனக்கும் அப்படித்தான். ஆனா எறும்புக்குத் தன் கால் தெரியும்."

"கூரை போட்ட காண்ட்ராக்டர்?"

"ரெண்டு வருஷமா ஆக்லாந்துல. இந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டவன்தான் நமக்கு வேணும். டாக்டர் ஃபென்டன்கிட்ட வண்டியை விடுங்க. சேரெய்மாவுக்கு ஆய்வு சொல்லிக் குடுத்தவர். இந்த ஊர்ல கூரையைப் பத்தி அவரைவிடத் தெரிஞ்சவங்க இல்ல."

எறும்பைப் படிக்கப் படித்தவரிடம் போகிறோம், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் இதுவரை பல கொலைகாரர்களைப் பார்த்தவன். ஒருவனையாவது முன்கூட்டிக் கண்டுபிடித்ததில்லை.

*

டாக்டர் ஃபென்டன் சாம்பல் நிற சுலு வேட்டி கட்டி, டை அணிந்து, நரைத்த தலையைப் படிய வாரியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து உனைசியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"புதன்கிழமை அடக்கத்துல என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க உனைசி. என்ன எழுதறதுன்னே தெரியல. என் மக மாதிரி இருந்தா."

மேசைமேல் கிழித்துப் போட்ட காகிதங்கள் நாலைந்து கிடந்தன. பாவம் மனுஷன் என்று நினைத்தேன்.

உனைசி புத்தகத்தை அவர் முன்னால் வைத்தார். "இதுல ஒரு பக்கத்தை யாரோ எடுத்துட்டாங்க டாக்டர். அதான் உங்களைக் கேக்கலாம்னு."

"எடுத்துட்டாங்களா? எந்தப் பக்கம்?"

"பதினொண்ணு."

சுவரில் கடிகாரம் இருந்தால் அதன் ஓசை கேட்டது என்று எழுதலாம். கடிகாரம் இல்லை. டாக்டரின் கை புத்தகத்தை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது.

"பதினொண்ணா?"

"ஆமா. மழைக் கணக்கு. இதை எதுக்குத் திருடணும்? எபெலியே பைண்டு பண்றப்ப தவறவிட்டிருப்பான். கூரை பத்தி இதுல இருக்கிறதை எனக்குக் கொஞ்சம் விளக்கணும் நீங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மாமா, வண்டிக் கண்ணாடியைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்களே. சீட்டெல்லாம் தண்ணி."

"என் வண்டிக் கண்ணாடியா? அது இறங்கினதே இல்லையே, வாங்கின..."

உனைசி என் காலை மிதித்தார். நல்ல உடல்வாகு உள்ளவர். கண்ணாடி திறந்திருப்பது உடனே எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"நானும் வந்து தூக்கறேன், அது ரெண்டு ஆள் வேலை. இப்ப வந்துடறோம் டாக்டர்."

நடைவழியில் வில்லி சுவரில் சாய்ந்து நின்றான். உனைசி உதட்டில் விரல் வைத்தார். மூவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஏதோ மெஷின் சிறிது நேரம் உறுமி அடங்கியது.

திரும்பிப் போனபோது டாக்டர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் அதே இடத்தில் இருந்தது. ஓரம் மேசையோடு ஒத்துப்போகும்படி நேராக வைக்கப்பட்டிருந்தது.

"கண்ணாடி ஏறிடுச்சா?" என்றார்.

"ஏறிடுச்சு டாக்டர்." உனைசி புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்திநாலு. இம்முறை நடுவில் கிழித்த விளிம்பு பல்லிளித்தது.

"நாங்க வர்றப்ப ஒரு பக்கம்தான் டாக்டர் காணோம்" என்றார் உனைசி. "இப்ப ரெண்டு."

டாக்டர் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"நான் பதினொண்ணைப் பத்தி மட்டும்தான் சொன்னேன். இருபத்திமூணுன்னு இந்த அறையில யாரும் வாயைத் தொறக்கல. மாமாகூட."

என்னைப் பொறுத்தவரை இது பெரிய பாராட்டு.

"எல்லாரும் பேசறப்ப 'அந்தப் போட்டோ'ம்பாங்க, 'அந்தப் பெட்டி'ம்பாங்க. பக்க எண்ணைச் சொல்லிப் பேசறது மாணவி ஒரே ஒருத்தர்கிட்டதான். அவங்க கைடுகிட்ட. அவ போன்ல இருபத்திமூணைப் பாருங்க சார்னு சொன்னா. நீங்க அவளை உடனே கடற்சுவர்கிட்ட வரச் சொன்னீங்க. மறுநாள் எபெலி கடையில உட்கார்ந்து இருபத்திமூணுன்னு அடிச்சீங்க. எத்தனை வருஷமா பிள்ளைங்க போட்ட பக்க எண்ணுக்குச் சிவப்பு மை வச்சிருப்பீங்க டாக்டர்? உங்க கையால ஒரு எண் போட்டிருந்தா, கம்ப்யூட்டர்ல வர்ற பெட்டி அட்டையிலேர்ந்து எண்ணும்னு தெரிஞ்சிருக்கும்."

டாக்டர் மேசைக்கடியில் இருந்த காகிதம் நறுக்கும் மெஷினைப் பார்த்தார். "எந்தப் பக்கத்தைப் பத்திப் பேசறே உனைசி? அப்படி ஒரு பக்கமே இல்லையே இப்ப."

"எபெலி மூணு பிரதி பைண்டு பண்ணினான். ரெண்டு போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில இருக்கு. அந்தச் சீட்டைப் பெரிசாக்கி உங்க கையெழுத்தோட வச்சுப் பார்த்துக்கலாம்." உனைசியின் குரல் தாழ்ந்தது. "அவ உங்களை என்ன மிரட்டினா? பணம் கேட்டாளா? பேப்பர்காரங்ககிட்ட போறேன்னாளா?"

ஃபென்டன் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

"மிரட்டல. 'இருபத்திமூணைப் பாருங்க சார், அந்தக் கையெழுத்தை என்னால படிக்க முடியல, உங்களுக்குத்தான் எல்லா இன்ஸ்பெக்டரையும் தெரியுமே, யார்துன்னு சொல்லுங்க'ன்னு கேட்டா. சுவர்கிட்ட வந்தும் அதையேதான் கேட்டா. அது என் கையெழுத்துன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது உனைசி. கடைசி வரைக்கும் தெரியாது."

வில்லி உள்ளே வந்தான். இம்முறை அவன் பேனாவை எடுத்தபோது உனைசி தடுக்கவில்லை.

*

மறுநாள் கோர்ட்டுக்கு எபெலி போகவில்லை, வேறொருவர் போனார். எபெலி கடையைத் திறந்தான். நானும் உனைசியும் போனபோது மைக்கா முன்னதாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த புத்தகம் அவர் மடியில் இருந்தது.

"பதினொண்ணு, எண்ணைச் சரி பண்றதுக்கு முன்னாடி அவ என்கிட்ட குடுத்த பழைய கோப்புல கெடைச்சிடுச்சு ஐயா" என்றான் எபெலி. "இருபத்திமூணும் இருக்கு. முழுசா பிரிச்சு, புதுசா பைண்டு பண்ணித் தர்றேன்."

"தம்பி, முன்னால ஒரு பக்கம் சேர்க்க முடியுமா?"

"என்ன பக்கம்?"

"கூரைக்கடியில போனவங்க பேரு. ஒம்பது பேரு. கடைசியில அவ பேரையும் போடணும்." மைக்கா கொஞ்சம் தயங்கினார். "போட்டா எண்ணெல்லாம் ஒண்ணொண்ணு தள்ளிப் போயிடுமோ? கோர்ட்டுல இனி இருபத்திமூணாம் பக்கம், இருபத்திமூணாம் பக்கம்னுதான் பேசுவாங்கன்னு சார்ஜென்ட் சொல்றாங்க. அது மாறிடக் கூடாது."

எபெலி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாறாது ஐயா. அதுக்குத்தானே அன்னிக்கு அறுத்தேன். முன்னாடி எத்தனை பேரைச் சேர்த்தாலும் இருபத்திமூணு இருபத்திமூணாவேதான் நிக்கும்."

மைக்கா பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எபெலி அடித்தான். இரண்டாவதாக மனைவியின் பெயரைச் சொல்லும்போது குரல் பிசகவில்லை. பத்தாவதைச் சொல்ல முடியாமல் நின்றார். எபெலி கேட்காமலே அடித்து முடித்தான்.

வெளியே மழை விட்டது என்று சொன்னால் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும். விடவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான்.

எபெலி தாளை மெஷினிலிருந்து எடுத்து, ஈரம் படாமல் இரு கையாலும் ஏந்தி வந்து மைக்காவிடம் கொடுத்தான். அவர் பெயர்களைப் பார்க்கவில்லை. முதலில் அடியைத்தான் பார்த்தார். ஒரு ரோமன் எண் போட்டிருந்தது. முதல் பக்கத்துக்கு முன்னால் இப்போது பதின்மூன்று பக்கங்கள்.